தேடினதுக்கு எவ்வளவு?

விழுப்புரத்திலிருந்து காணை வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில், கண்டாச்சிபுரத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது என் கார் நடுங்க ஆரம்பித்தது. குளிர்ஜுரம் வந்த ஆள் மாதிரி ஒரு நடுக்கம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேகம் வரவில்லை, சத்தம்தான் வந்தது. ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. எனக்கு அது பழைய சிநேகிதம். மூன்று மாதத்தில் நாலாவது தடவையாகப் பார்க்கிறேன்.

இது நடந்தது 2023 பிப்ரவரியில். பக்கத்து சீட்டில் மனைவி. பின்சீட்டில் அத்தை, அதாவது என் மாமியார். முந்தின நாள் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே போன் வந்துவிட்டது. வேட்டவலத்தில் இருக்கும் அத்தையின் அக்காவுக்கு ரொம்ப முடியவில்லையாம். எண்பத்து மூன்று வயது. தங்கச்சியைப் பார்க்கணும், தங்கச்சியைப் பார்க்கணும் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அத்தை இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, வண்டிய ஏழாயிரம் குடுத்து சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே?"

அத்தை கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் ரொம்பக் குத்தியது.

ஊருக்குள் உருட்டிக்கொண்டே வந்து, டீக்கடையில் விசாரித்து, ஒரு ஒர்க்‌ஷாப்பைப் பிடித்தோம். ஒர்க்‌ஷாப் என்றால் தகரக் கொட்டகை. வாசலில் ஒரு டிராக்டர், இரண்டு பைக், ஒரு பழைய லோடு வண்டி. தூரத்தில் பாறை அடுக்கி வைத்தது மாதிரி குன்றுகள். மெக்கானிக்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் வேண்டாம், அவருக்கு அதில் விருப்பமில்லை. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் பின்சீட்டைத்தான் பார்த்தார்.

"ஆயாவ ஏன் சார் வெயில்ல உக்கார வெச்சிருக்கீங்க? எங்க போறீங்க?"

சொன்னேன்.

"வேட்டவலத்துக்கு பஸ்ஸு இருக்குது. ஏத்தி விட்டுடுங்க. நான் எப்ப முடிப்பேன்னு எனக்கே தெரியாது."

அப்படியே செய்தோம். மனைவியும் அத்தையும் பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் மட்டும் காரோடு நின்றேன். "எப்ப முடிப்பேன்னு எனக்கே தெரியாது" என்கிற வாக்கியத்தை மூன்று மாதத்தில் இரண்டாவது முறையாகக் கேட்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. முதலில் சொன்னவருக்கு நான் என்ன செய்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க முடியாது.

முதலில் காருக்கு என்ன வியாதி என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். இன்ஜின் விஷயம் எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் சொல்வேன். ஒரு வகையில் அது உங்களுக்கு நல்லதுதான்.

நாலு சிலிண்டர் இன்ஜின் என்பது நாலு பேர் தூக்கும் பல்லக்கு. ஒருத்தர் மட்டும் திடீரென்று தோளை எடுத்துக்கொண்டால் பல்லக்கு விழாது, ஆனால் ஆடும். உள்ளே இருப்பவர் பயப்படுவார். என் காரில் தோளை எடுத்தவர் மூன்றாவது சிலிண்டர். அங்கே பெட்ரோல் போகவில்லை.

பெட்ரோலை உள்ளே அனுப்புவது இன்ஜெக்டர் என்கிற சின்ன சமாச்சாரம். விரல் நீளம்கூட இல்லாத ஒரு மின்சாரக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதுகில் பெட்ரோல் எப்போதும் அழுத்தத்தோடு காத்துக்கொண்டிருக்கும். டயருக்கு 32 காற்று அடிக்கிறோம் இல்லையா, அந்தக் கணக்கில் சொன்னால் இது 43-க்குப் பக்கத்தில். உள்ளே ஒரு கம்பிச் சுருள். அதில் மின்சாரம் பாய்ந்தால் கதவு திறக்கும், நின்றால் மூடும். ஒவ்வொரு தடவையும் திறந்திருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு, அவ்வளவுதான். இன்ஜின் 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரும் நொடிக்கு 25 தடவை இப்படித் திறந்து மூடுகிறது. நாம் பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. இன்ஜெக்டருக்கு இரண்டு வயர். ஒன்றில் 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். இன்னொன்று இ.சி.யு. என்கிற காரின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. நாம் வீட்டில் ஸ்விட்ச் போட்டால் கரன்ட் 'வருகிறது' இல்லையா? இங்கே உல்டா. கரன்ட் ஏற்கெனவே வந்து வாசலில் நிற்கிறது. இ.சி.யு. அதற்கு வெளியே போக வழி விடுகிறது. வழி விட்டால் இன்ஜெக்டர் திறக்கும். அந்த வழியில், அந்த ஒற்றை வயரில் எங்கேயாவது கோளாறு என்றால் இன்ஜெக்டர் தங்கமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, இ.சி.யு. வைரமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஓட்டைகள் உள்ள ஒரு பிளக் இருக்கும், குனிந்து பாருங்கள். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயம். நம் ஊரில் இந்தச் சுயபரிசோதனை ஏற்பாடு 2010 ஏப்ரலில் ஒரு கட்டமாகவும், 2013 ஏப்ரலில் முழுசாகவும் கட்டாயமானது. என் கார் 2014 மாடல். அந்தப் பிளக்கில் மெக்கானிக் தீப்பெட்டி சைஸில் ஒரு கருவியைச் செருகினார். அவருடைய போனில் ஓர் எண் வந்தது. பி-0203.

உடனே அவர் செய்த காரியத்தை நான் ரசித்தேன். நாள்காட்டியில் தேதி கிழித்த பழைய தாள் ஒன்றை எடுத்து அந்த எண்ணை எழுதினார். வண்டி அப்போது எத்தனை சுற்று ஓடிக்கொண்டிருந்தது, இன்ஜின் எவ்வளவு சூடு என்று போன் காட்டியதையும் எழுதினார். அதற்குப் பிறகுதான் அடுத்த வேலை.

"நெறைய பேரு கோடைப் பாத்த உடனே அழிச்சிடுவாங்க சார். வெளக்கு அணைஞ்சிடும், வண்டிக்காரரு சந்தோஷமாப் போயிடுவாரு. அழிச்சா சாட்சியும் போச்சு."

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் ஒரு முகவரி மாதிரி இருக்கும். பி என்றால் இன்ஜின், கியர் வகையறா. பூஜ்யம் என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான எண். இரண்டு என்றால் எரிபொருள், இன்ஜெக்டர் சர்க்யூட் பக்கம். கடைசி மூன்று என்பது மூன்றாவது சிலிண்டர். ஆக, 'மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டரின் மின்சுற்றில் ஏதோ சரியில்லை.' கவனியுங்கள், 'மின்சுற்றில்'. இன்ஜெக்டர் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. வித்தியாசம் 450 ரூபாய். அந்த 450 எங்கே தப்பு என்று சொல்லாது, ஆனால் துப்பு கொடுக்கும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 94-ஐ 49 என்று எழுதியது மாதிரி. இரண்டால் வகுத்து வரும் தொகை லெட்ஜரில் இருந்தால் பற்று வைக்க வேண்டியதை வரவில் வைத்திருக்கலாம். அப்புறம் உட்கார்ந்து தேட வேண்டியதுதான். தேடப் பொறுமையில்லாதவர்களுக்காகவே ஒரு கணக்கு இருக்கிறது. சஸ்பென்ஸ் அக்கவுண்ட். வித்தியாசத்தை அதில் தூக்கிப் போட்டால் இரண்டு பக்கமும் டேலி ஆகிவிடும். தப்பு மட்டும் அப்படியே இருக்கும். எங்கள் காலேஜ் புரொபசர் அந்தப் பேரைச் சொல்லும்போதே மூக்கைச் சுளிப்பார்.

ஏழாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து நான் சென்னையில் செய்துகொண்டது ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். ஏ.சி. ரூமில் காபி கொடுத்து, கோட் பார்த்து, "தேர்டு இன்ஜெக்டர் சார்" என்று சொல்லி, புதுசு மாட்டி, சொன்ன நேரத்துக்கு வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். ஆறு வாரம் நன்றாக ஓடியது.

கண்டாச்சிபுரத்துக்கு வருவோம். கொட்டகைக்குள் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் கார் பூனை மாதிரி அமைதியாக ஓடியது. நடுக்கமே இல்லை. எனக்கு ஒரே அவமானம். டாக்டரிடம் போனதும் இருமல் நின்றுவிடுமே, அந்த மாதிரி. அவர் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதன் பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு இன்ஜெக்டராகத் தொட்டுக்கொண்டு வந்தார். என்னையும் கேட்கச் சொன்னார். டிக் டிக் டிக் டிக் என்று நாலும் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவதும்தான்.

"இப்ப வேல செய்யுது பாத்தீங்களா? அதான் சார் பிரச்சினையே. ஒரேடியா செத்துப்போன வயரைக் கண்டுபுடிக்க பத்து நிமிஷம். இது நடிக்கிற வயரு."

நடிப்பவரை மேடையேற்ற வேண்டும். இன்ஜினை நன்றாகச் சூடாக விட்டார். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, நடுங்கினால் சத்தம் போடச் சொன்னார். அவர் முன்னால் குனிந்துகொண்டு வயர்க் கத்தையை ஜாண் ஜாணாகப் பிடித்து மெதுவாக அசைத்தார்.

"நடுங்குச்சா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லப்பா."

இப்படியே அரை மணி நேரம். நடுவில் ஒருவர் பைக்கைக் கொண்டுவந்து விட்டார், பிரேக் கட்டை மாற்ற. அதை ஒரு பையன் பார்த்துக்கொண்டான். இரண்டு டீ வந்தது. நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் தாலுகா ஆபீஸ் சம்பந்தமாக ஒரு பெரியவர் என்னிடம் மனு கொடுக்கப் பார்த்தார்.

இன்ஜினுக்குப் பின்பக்கம், கை நுழையச் சிரமமான இடத்தில், ஒரு இரும்பு பிராக்கெட்டை ஒட்டி வயர்க் கத்தை திரும்புகிற இடத்தில் அவர் கை பட்டது.

"நடுங்குது! நடுங்குது!" என்று கத்தினேன். அந்தப் பெரியவரே பயந்துவிட்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவர் முடிக்கவில்லை. வண்டியை அணைத்து, பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை எடுத்தார். நாலு இன்ஜெக்டரின் பிளக்கையும் கழற்றிக் கம்பிச் சுருளை அளந்தார். இந்த வகை இன்ஜெக்டருக்கு 12-லிருந்து 16 ஓம் வரை இருக்கலாம். முக்கியம், நாலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நாலும் பதினாலைச் சுற்றியே காட்டின.

"மூணாவது புதுசு சார். மாத்தியிருக்காங்க. பழச வாங்கி வெச்சீங்களா?"

வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. நீங்களாவது இனிமேல் கேட்டு வாங்குங்கள். சண்டை போட இல்லை. பழசும் பதினாலு ஓம் காட்டியதா என்று பார்க்கவாவது உதவும்.

அடுத்து இ.சி.யு. பிளக்கைக் கழற்றி, அங்கிருந்து இன்ஜெக்டர் வரை அந்த ஒற்றை வயர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மீட்டரை வைத்தார். பீப் என்றது. தொடர்ச்சி இருக்கிறது. வயர் நன்றாக இருக்கிறது! எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவர் சிரித்துவிட்டு ஒரு டப்பாவிலிருந்து பழைய இண்டிகேட்டர் பல்பு எடுத்தார். 21 வாட். அதைப் பேட்டரியோடு சேர்த்து, கரன்ட் அந்த வயர் வழியாகவே போய்த் திரும்புகிற மாதிரி இணைத்தார். முதலில் இரண்டாவது சிலிண்டர் வயரில். பல்பு பளீரென்று எரிந்தது. அப்புறம் மூன்றாவது வயரில். அம்மன் கோயில் அகல் விளக்கு மாதிரி மினுக்கியது. பிராக்கெட் பக்கம் லேசாக இழுத்தார். அணைந்தே போனது.

"மீட்டரு துளியூண்டு கரன்ட்டுதான் சார் அனுப்பும். ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் 'இருக்கு'ன்னு சொல்லிடும். வேலை வாங்கிப் பாத்தாத்தான் தெரியும்."

இதைவிட நல்ல கணக்கியல் பாடம் எனக்கு யாரும் எடுத்ததில்லை. அக்கவுண்ட் உயிரோடு இருக்கிறது என்று பேங்க் சொல்வது ஒன்று. பெரிய தொகைக்குச் செக் போட்டு அது பாஸாவது வேறொன்று. இன்ஜெக்டர் திறக்கச் சுமார் ஒரு ஆம்பியர் வேண்டும். அந்த வயரால் அதைச் சுமக்க முடியவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மீட்டர் முனையைப் பிளக்கின் ஓட்டைக்குள் அவர் குத்தவே இல்லை. மெல்லிய ஊசியால் ஓரமாகத் தொட்டார். குத்தி அகலமாக்கிவிட்டால் நாளைக்கு அந்த இடமே லூஸாகிப் புது கம்ப்ளெயிண்ட் ஆகுமாம்.

மேலே சுற்றியிருந்த வரிவரியான பிளாஸ்டிக் குழாயைப் பிளந்தார். உள்ளே பார்த்ததும் எனக்குக் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பல் தடம். எலி! எலிக்கு முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அது வாயை மூட முடியும். எங்கள் அபார்ட்மெண்டின் தரைத்தளப் பார்க்கிங்கில் என் காரின் இன்ஜின் கதகதப்பாக அதற்குக் கிடைத்திருக்கிறது. மேல்தோல் போய், ஈரம் பட்டு, செம்பு பச்சை பூத்து, இழை இழையாக அறுந்து, இரண்டோ மூன்றோ மட்டும் மிச்சம். மேடு பள்ளத்தில் குலுங்கினால் விட்டுப்போகும். மறுபடி தொட்டுக்கொள்ளும்.

கார் கம்பெனி எது என்று எழுதாததற்குக் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். தப்பு கம்பெனி மேல் இல்லை, பிள்ளையாரின் வாகனத்தின் மேல்.

சரி, அப்படியானால் புது இன்ஜெக்டர் போட்டதும் ஆறு வாரம் எப்படி நன்றாக ஓடியது? நான் கேட்டேன். இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டுமென்றால் வயர்க் கத்தையை ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்கி, மறுபடி தள்ளி வைத்ததில் அறுந்த இழைகள் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. கோளாறு போனது. பெயர் புது இன்ஜெக்டருக்கு. அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள் என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களும் நம்பியிருப்பார்கள். மாற்றினோம், சரியானது, அதனால் இதுதான் காரணம் என்று நினைப்பது ரொம்பச் சுலபம். மருந்து, பரிகாரம், புது கலெக்டர், புது கோச் என்று எல்லா இடத்திலும் நாம் இதைச் செய்கிறோம்.

கெட்ட பகுதியை வெட்டி, நல்ல செம்பு தெரிகிறவரை தோலுரித்து, அதே கனத்தில் ஒரு துண்டு வயர் சேர்த்து, ஈயப்பற்று வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் குழாயை மேலே போட்டு, பிராக்கெட்டில் உரசாமல் தள்ளிக் கட்டினார். இருபது நிமிஷம். அதற்கு முன்னால் தேடியது இரண்டே முக்கால் மணி நேரம்.

"எவ்வளவு தம்பி?"

"முன்னூத்தம்பது குடுங்க சார்."

தொழில் புத்தி, பிரித்துச் சொல்லச் சொன்னேன். வயர், ஈயம், டேப், குழாய் எல்லாம் ஐம்பது. மீதி லேபர்.

"தேடினதுக்கு?"

புரியாதது மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார்.

"தேடினதுக்கு யாரு சார் குடுக்கறாங்க? பார்ட்ஸ் மாத்தினா பில்லு இருக்கும், டப்பா இருக்கும். கையில காட்டலாம். வயர்ல டேப்பு சுத்திட்டு ஆயிரம் கேட்டா, 'டேப்பு சுத்தறதுக்கு ஆயிரமா'ன்னு அடிக்க வருவாங்க. அதான் நெறைய பேரு தேடறதில்ல. மாத்திடறாங்க. எங்க ஐ.டி.ஐ.ல கூடப் படிச்ச பசங்க சென்னையில இருக்கானுங்க. தேடத் தெரியாம இல்ல."

ஆடிட்டர் வருஷம் முழுக்கக் கணக்கைப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போடுகிறார். ஃபீஸ் கொடுக்கிறோம். ஸ்கேன் சென்டரில் 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் கொடுத்தால் பணம் கொடுத்ததோடு சந்தோஷமும் படுகிறோம். மெக்கானிக் மட்டும் 'இன்ஜெக்டர் நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னால் சல்லிக்காசு கிடையாது.

கார்புரேட்டர் காலத்தில் இது இவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்திருக்காது. ஸ்க்ரூவைத் திருகினார், சத்தம் மாறியது, நம் காதுக்கே கேட்டது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரப் புதுக் கார்களுக்கு யூரோ விதிகளைச் சீக்கிரம் கொண்டுவரச் சொன்ன பிறகு, கம்பெனிகள் அவசர அவசரமாக இன்ஜெக்டருக்கு மாறின. சாதாரண ஜனங்களின் வண்டியான மாருதி 800-கூட 2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. ஆனது. அந்த நாலெழுத்தைக் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு பெருமையாகத் திரிந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அன்றோடு கோளாறு நம் காதை விட்டு வயருக்குள் போய் ஒளிந்துகொண்டது.

எலெக்ட்ரானிக் இன்ஜெக்டருக்கும் வயர் வகையறாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனி 1957-ல் எலெக்ட்ரோஜெக்டர் என்று ஒன்றை அறிமுகம் செய்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் பொருத்தினார்கள். ஒத்துவரவில்லை. பெரும்பாலானவற்றில் கழற்றிவிட்டுப் பழையபடி கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். பிறகு அதே வழியில் ஜெர்மனியின் போஷ் கம்பெனி உழைத்து 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600-ல் வெற்றிகரமாகக் கொண்டுவந்தது. இதைக் கண்டாச்சிபுரத்து நண்பரிடம் சொன்னேன். "அப்பவே வயரா சார்?" என்றார் ஆறுதலாக.

ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். ஐந்நூறு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பினார். சாயங்காலம் வேட்டவலம் போய்ச் சேர்ந்தேன். அக்காவும் தங்கையும் நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக் குடத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அதற்கப்புறம் ஒன்பது நாள் இருந்தார்.

இப்போது, பிறகு சொல்கிறேன் என்று சொன்னது.

முதல் தடவை மஞ்சள் விளக்கு எரிந்தபோது, எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம்தான் வண்டியை விட்டேன். கோட் பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜெக்டர் மேல எனக்குச் சந்தேகம் இல்ல சார். வயர்ல இருக்கும். எப்ப முடிப்பேன்னு தெரியாது. ஒரு நாள் விடுங்க, தேடணும். எழுநூறு ரூபா ஆகும்" என்றார். என்ன பார்ட் மாற்றுவீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் மாற்ற மாட்டேன் என்றார். ஒன்றும் மாற்றாமல் எழுநூறா? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நூற்று நாற்பது வீடு இருக்கிற எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில், 'முனைக்கடையில் ஜாக்கிரதை, சும்மா தேடுவதற்கே காசு கேட்கிறார்' என்று எழுதினேன். பத்திரிகைக்காரன் எழுதியது இல்லையா, கொஞ்சம் சுவையாகவே எழுதியிருந்தேன். முப்பது பேர் சிரித்தார்கள்.

சென்னை திரும்பியதும் அதே குரூப்பில் நடந்ததை எழுதி, நான் சொன்னது தப்பு என்று போட்டேன். நாலு பேர் கட்டை விரல் காட்டினார்கள். அடுத்த செய்தி தண்ணீர் லாரி பற்றி வந்து அதை மேலே தள்ளிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அவர் ஒரு ஆட்டோவுக்கு அடியில் இருந்தார். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நான் பேசுவதற்குள் பானெட்டைத் திறந்து, பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"யாரு சார் பண்ணது?"

சொன்னேன்.

"ஈயம் வெச்சிருக்காரு. தள்ளிக் கட்டியிருக்காரு. நல்ல கை."

எழுநூறு ரூபாயை நீட்டினேன்.

"எதுக்கு சார்? நான்தான் தேடவே இல்லையே."

என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவரே தொடர்ந்தார், குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "ரெண்டரை மாசமா உங்க பில்டிங்லேருந்து ஒரு வண்டி வரல. ஏன்னு தெரியாம இருந்துச்சு. போன வாரம் வாட்ச்மேன் சொன்னாரு."

பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக் பேடு தேஞ்சிருக்கு. இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும். இப்ப மாத்த வேணாம், ஏப்ரல்ல கொண்டாங்க."